கலர் குஞ்சுகள்

ஜனவரி 11, சனி

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னார். எத்தனை குஞ்சு, என்ன தீனி, எத்தனை செத்தது என்று தினமும் குறித்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவர வேண்டுமாம். அதற்காக மளிகைக் கடையில் இந்த நாற்பது பக்க நோட்டை வாங்கினேன்.

பெயர்: சென்னியப்பன். குஞ்சு: 22. சிவப்பு எட்டு, பச்சை ஏழு, ஊதா நான்கு, மஞ்சள் மூன்று. எல்லாம் சாயம். மொபெட்டில் பெட்டி கட்டித் தெருத்தெருவாக விற்பார்களே, அந்தக் கலர் குஞ்சு.

"வளக்கறதுக்கு வாங்குனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என்னோடது இல்லீங்க. ஒருத்தரோடது. அவரு வர்ற வரைக்கும் பாத்துக்கோணும்."

"இந்தக் குஞ்சுல பத்துக்கு ஒண்ணு தங்குனாலே பெருசுங்க" என்றார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ரோட்டில் கோழி வந்தால் பிரேக் போட வேண்டும் என்பது மட்டும்தான்.

வளர்மதி அவள் வேலை செய்யும் மில்லிலிருந்து நூல்கோன் வருகிற அட்டைப்பெட்டி ஒன்று கொண்டுவந்தாள். உள்ளே உமி பரப்பி, மேலே அறுபது வாட்ஸ் பல்பு தொங்கவிட்டோம்.

ஜனவரி 12, ஞாயிறு

மூன்று செத்துவிட்டன. பல்பு உயரத்தில் இருந்திருக்கிறது. குளிரில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை நசுங்கிவிட்டன. குஞ்சுகள் நடுவில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாக நின்றால் சரி. இதை டாக்டரம்மா நேற்றே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

இப்போது பரவலாக நிற்கின்றன. 19.

ஜனவரி 13, திங்கள்

ஒன்று தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்தது. இவ்வளவு சின்னத் தட்டில். வளர்மதி தட்டில் கூழாங்கல் போட்டாள். "இனி கல்லு சந்துல குடிச்சுக்கும், முழுகாது." இதுவும் எனக்குத் தோன்றவில்லை.

18.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைக்கவில்லை. வளர்மதி கேட்கவும் இல்லை.

எங்கள் பஸ் கண்டக்டர் குப்புராஜ் வந்துவிட்டுப் போனான். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் குஞ்சுக்காரருக்கு இன்னும் நினைவு வரவில்லையாம். பெயர் அப்துல் வகாப். சத்தியமங்கலத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது.

இதை இந்த நோட்டில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் இந்தப் பக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டப்போவதில்லை.

ஒன்பதாம் தேதி, வியாழன், காலை எட்டு ஐம்பது. கோபி தாண்டி வருகிறோம். அவர் மொபெட்டில் போனார். பின்னால் குஞ்சுப் பெட்டி. பஸ் பக்கவாட்டில் இடித்து அவர் ரோட்டோரம் விழுந்தார். தலையில் அடி, தொடை எலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் குறுக்கே வந்துவிட்டார். ஸ்டேஷனில் நான் அப்படித்தான் சொன்னேன், எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

ரோடெல்லாம் குஞ்சு. ஜனங்கள் என் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார்கள். நான் குனிந்து குஞ்சு பொறுக்கினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. என் சோத்துப் பையைக் கவிழ்த்துவிட்டு அதில் போட்டேன். "ஆள அடிச்சுப்போட்டு கோழி பொறுக்கறான் பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனபோது பை பஸ்ஸிலேயே இருந்தது. குப்புராஜ்தான் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்று டைமிங் இரண்டு நிமிஷம் லேட். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

18.

ஜனவரி 16, வியாழன்

மூன்று குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்துவிட்டேன். என் விரல் தடிமன், அதுகளுக்கு வலித்திருக்கும். ஆனாலும் விட்டதும் ஓடிப்போய்த் தீனி கொத்தின.

ஜனவரி 20, திங்கள்

இன்று ஒன்றும் சாகவில்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை.

டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் கண்ணில் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டார். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். "மொகமெல்லாம் வாடிக் கெடக்குதே, சாப்புட்டீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குப்புராஜ் போன். அவர் கண்ணைத் திறந்துவிட்டாராம். பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

நாலு தோசை சாப்பிட்டேன். வளர்மதி ஐந்தாவதும் ஊற்றினாள்.

ஜனவரி 27, திங்கள்

பஸ் கம்பெனி மேனேஜர் வந்தார். உட்காரவில்லை. "ஸ்டேஷன்ல சொன்னதையே கடைசி வரைக்கும் சொல்லு. மாத்திப் பேசாத. கேஸ் முடிஞ்சதும் வண்டில ஏறிக்கலாம்" என்றார்.

சரிங்க என்றேன்.

போகும்போது பெட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, "இதென்ன, திருவிழாக் கடை மாதிரி?" என்று சிரித்தார்.

குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கிறது. முளைக்கிற இறகு வெள்ளை.

பிப்ரவரி 3, திங்கள்

பகலில் வெளியே விட ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால் வளர்மதியின் காய்கறித் தோட்டம். கத்தரி நாற்று, தக்காளி, வெண்டை, அரைக்கீரைப் பாத்தி, மூலையில் அவரைப் பந்தல். மில் ஷிப்ட் முடிந்து வந்து அவளே கொத்தி, அவளே தண்ணீர் பாய்ச்சி உண்டாக்கியது. நான் இதுவரை அதில் பறித்துத் தின்றதோடு சரி.

பத்து நிமிஷம் முகம் கழுவப் போனேன். கீரைப் பாத்தியை மொத்தமாகக் கிளறிவிட்டன. வளர்மதி வந்து பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"பாத்தி போனாப் போவுது. பதினெட்டும் இருக்குதா எண்ணுங்க" என்றாள்.

எண்ணினேன். பதினேழு. மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நைலான் வலை வாங்கி, நாலு மூங்கில் நட்டுக் கூரை மாதிரி கட்டினேன். கீரைப் பாத்தியைச் சுற்றியும் வலை. மதியத்துக்குள் முடிந்தது. மறுபடி கீரை விதைத்தேன். பஸ் சக்கரம் கழற்றுவதைத் தவிர என் கை வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோழி எச்சம் நல்ல உரம் என்று எல்லோரும் சொல்வார்கள். புதன்கிழமை பெட்டியைச் சுத்தம் செய்து, எடுத்த எச்சத்தை அப்படியே கத்தரி நாற்றுக்கு அள்ளி வைத்தேன். நான்கு நாளில் பன்னிரண்டு நாற்று கருகிவிட்டது. பச்சை எச்சம் சூடாம். இரண்டு மூன்று மாதம் மக்க வைத்துப் போட வேண்டுமாம்.

"நல்லது பண்றேன்னு நீங்க இப்பிடி அவசரப்பட்டா எப்பிடிங்க" என்றாள் வளர்மதி. நாற்றைத்தான் சொன்னாள்.

அவள் காலையிலிருந்து இல்லை. பெருந்துறையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

வளர்மதி அக்கா வீட்டுக்குப் போகவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். இன்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவரு சம்சாரம் பேரு மைமூனா. நான் இன்னாருன்னு சொன்னேன். அந்தம்மா எந்திரிச்சு, பக்கத்துல ஸ்டூலு போட்டுச்சு."

"திட்டுலியா?"

"இல்லீங்க. 'இவரு கண்ணு முழிச்சதும் குஞ்சுக என்னாச்சுன்னுதான் கேட்டாரு, எங்களுக்குப் பதில் தெரியல'ன்னுது. பதினேழு எங்கூட்டுல இருக்குதுன்னு சொன்னேன். அவரு படுத்துட்டே கேட்டுட்டு இருந்தாரு. சிரிச்சாருங்க."

எழுந்துபோய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் ஏற்கெனவே இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பூனை இரண்டைக் கொண்டுபோய்விட்டது. பதினைந்து. கொடாப்பு வாங்கினேன். மூங்கிலில் கவிழ்த்த கூடை மாதிரி, மேலே ஒரு கல் வைத்தால் பூனையால் தள்ள முடியாது. ஆனால் இத்தனைக்கு ஒன்று போதாது, நாளை இன்னொன்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவரே போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். குரல் மெலிசாக இருந்தது.

"அண்ணே, வகாப் பேசறேன். சத்தி."

"சொல்லுங்க பாய்."

"எனக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே நெனப்புல இல்லீங்கண்ணே. வீட்ட விட்டு வண்டிய எடுத்தது வரைக்குந்தான் ஞாபகம். நான் குறுக்க பூந்துட்டேன்னு போலீஸ்ல சொன்னாங்க. என்னாலதான் உங்களுக்கு வேலை போயி, ஸ்டேஷன் கேஸுன்னு சங்கடம். மனசுல வச்சுக்காதீங்க. இதச் சொல்லோணும்னுதான் கூப்புட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

பதினைந்து.

பிப்ரவரி 24, திங்கள்

தீனி வைத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தீனி வைத்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

வளர்மதி கேட்டாள், "போன்ல பாய் என்னங்க சொன்னாரு?" சும்மா விசாரித்தார் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழியைப் பார்ப்பதுபோல எழுந்து போய்விட்டேன். அவை என்னைப் பார்த்ததும் காலைச் சுற்றிக்கொண்டு ஓடிவருகின்றன. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகின்றன. சிவப்பு, பச்சை எல்லாம் போய்விட்டது, முழுக்க வெள்ளை. எது எந்தக் கலர் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

தெருவில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய். அடுத்த வீட்டில் ஆறு செத்தன. நம்முடையதிலும் நான்கு இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றன. அவற்றைத் தனியே பிரித்து வைத்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. அவற்றின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 8, சனி

நான்கும் செத்துவிட்டன. மீதி பதினொன்றும் நன்றாக இருக்கின்றன. தீனிக்கு அடித்துக்கொள்கின்றன. டாக்டரம்மா வந்து எல்லாவற்றுக்கும் இறக்கைக்கடியில் ஊசி போட்டார். "மொதல்ல சொட்டு மருந்து விட்டதுனாலதான் இத்தனை தப்பிச்சுது. பதினொண்ணு பெரிய விஷயமுங்க" என்றார். அவர் போனபின் தோட்டத்து வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

மார்ச் 10, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

அவர் குறுக்கே வரவில்லை. ரோட்டோரமாக, வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், நேராகப் போய்க்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் இன்னொரு பஸ் போய், ஸ்டாப் ஸ்டாப்பாக ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நிமிஷம் லேட். இப்படியே போனால் எனக்கு ஆளே கிடைக்காது. வளைவில் அந்த பஸ்ஸை முந்தினேன். எதிரே லாரி வந்தது. இடதுபக்கம் ஒடித்தேன். அங்கே அவர் இருந்தார். நான் பார்த்தேன். பார்த்தபின்தான் இடித்தது.

அவர் குறுக்கே வந்தார் என்று சொன்னால் வழக்கு அவர் மேல் சாயும். இன்சூரன்ஸில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. இது எனக்கு அன்றே தெரியும்.

இந்தப் பக்கத்தை வளர்மதியிடம் கொடுத்தேன். படித்தாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க. உங்களக் கட்டி இருபது வருசம் ஆச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

"இப்ப என்ன பண்றது?"

"என்னைக் கேக்கறீங்களே" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

சத்தியமங்கலம் போனேன். பஸ்ஸில் ஏற முடியவில்லை. ஸ்டாண்டில் நின்று நான்கு பஸ்ஸை விட்டுவிட்டு, குப்புராஜின் பைக்கை வாங்கிக்கொண்டு போனேன். வளர்மதி ஒரு பையில் தக்காளியும் கீரையும் கொடுத்தாள். இரண்டாவது விதைப்பில் வந்த கீரை.

வீடு சின்னது. முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். தொடை முழுக்கக் கட்டு. தலையில் முடி சிரைத்த இடத்தில் தையல் தடம். அவர் முகத்தை நான் அதற்குமுன் நேராகப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"படுங்க பாய். நான் சென்னியப்பன்."

"வாங்கண்ணே! மைமூனா, சேர் போடு. நமக்கு நோன்பு, உங்களுக்கு டீ போடச் சொல்றேன்."

"டீ வேண்டாங்க. நான் ஒண்ணு சொல்லோணும். சொல்லி முடிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணுஞ் சொல்லாதீங்க."

நின்றுகொண்டே சொன்னேன். முந்தியது, லாரி, இடது பக்கம் ஒடித்தது, ஸ்டேஷனில் பொய் சொன்னது. நோட்டில் எழுதியபடியே வரிசையாக வந்தது.

மைமூனாவின் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு மாசம்ங்க. இந்த மனுசன் ரெண்டு மாசம் தன்னைத்தானே திட்டிட்டுக் கெடந்தாரு. 'நான் எப்பிடிக் குறுக்க போனேன், என் கண்ணு போச்சா, கை போச்சா'ன்னு தெனமும் பொலம்பல். போலீஸ்ல அப்பிடி எழுதிட்டாங்கன்னு நாங்களும் நம்பிட்டோம். உங்க சம்சாரம் வந்து உக்காந்துட்டுப் போச்சு, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல? இதுக்கெல்லாம் யாருங்க பதில் சொல்றது?"

"நான்தாங்க" என்றேன்.

"பதில் சொல்லி?"

வகாப் பாய் கையைத் தூக்கி மைமூனாவை நிறுத்தினார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் நேராத்தான் போனேனாண்ணே?"

"நேராத்தான் போனீங்க பாய். கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

"இருபது வருசம் அந்த வண்டிய ஓட்டறேன். ஒரு நாய் மேல கூட வண்டிய விட்டதில்ல. தலையில அடிபட்டதுக்கு முன்னாலயே எனக்கு என்னமோ ஆயிருச்சு, இனிமே வண்டியத் தொடவே கூடாதுன்னு இருந்தேன். பொழப்பு முடிஞ்சதுன்னு இருந்தேங்கண்ணே." மைமூனாவைப் பார்த்தார். "கேட்டியா? நேராத்தான் போயிருக்கேன்."

மைமூனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பையைக் கட்டிலோரம் வைத்தேன். "ஸ்டேஷன்ல திருப்பி எழுதிக் குடுக்கறேன் பாய். நாளைக்கே."

"குடுங்க" என்றார். பிறகு, "இன்னிக்குப் போயிட்டு வாங்கண்ணே. எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கோணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பைப் போடும்போது மைமூனா வந்து பையைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

நேற்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா? கேஸு உங்க பேர்லதான் வரும்" என்றார் எஸ்.ஐ. யோசித்துத்தான் கொடுக்கிறேன் என்றேன்.

இன்று மத்தியானம் படுத்தேன். எழுந்தபோது மணி ஐந்து. இந்த இரண்டு மாதத்தில் பகலில் கண்ணசந்தது இதுதான் முதல் தடவை. கோழிகள் தீனிக்குக் கதவைக் கொத்திக்கொண்டிருந்தன.

மார்ச் 16, ஞாயிறு

மேனேஜர் போனில் கத்தினார். இனி அந்தப் பஸ்ஸில் எனக்கு இடமில்லை. எதிர்பார்த்ததுதான். லைசென்ஸும் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைப்பார்கள் என்கிறார் வக்கீல். கோர்ட்டு எப்போது, என்ன தீர்ப்பு என்று இப்போதைக்கு அவராலேயே சொல்ல முடியவில்லை.

தக்காளி காய்த்துக் கொட்டுகிறது. குச்சி நட்டுக் கட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

நாற்று பெரிதாகிவிட்டதால் வலையைத் திறந்து கோழிகளைத் தோட்டத்துக்குள் விட்டோம். கத்தரியில் புழு தேடித் தேடித் தின்கின்றன. வளர்மதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மருந்தே அடிக்க வேண்டாம் போல." தக்காளியையும் கொத்துகின்றன என்பதை நான் சொல்லவில்லை.

கொண்டை எல்லாவற்றுக்கும் நன்றாகச் சிவந்துவிட்டது. சீக்கிரம் முட்டை வைக்கும் என்று நினைக்கிறேன். வைக்கோல் போட்டு மூன்று கூடை தயார் செய்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பல் துலக்கும்போது அவரைப் பந்தலுக்கடியில் ஒரு சத்தம். யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல. போய்ப் பார்த்தால் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு கூவுகிறது. சரி, ஒரு சேவல் இருந்தால் நல்லதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்து கூவுகின்றன.

ஏப்ரல் 21, திங்கள்

பதினொன்றும் கூவுகின்றன.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே மருந்து எடுத்துக் கொடுப்பவரும் எட்டிப்பார்த்தார். "அத்தனையும் சேவலுங்க. இந்தக் கலர் குஞ்சு பெரும்பாலும் அப்பிடித்தான், முட்டைப் பண்ணையில வேண்டாம்னு கழிச்சுவிடற ஆண் குஞ்சுக. சொல்லாம விட்டது என் தப்பு. இத்தனை தங்கும்னு நெனைக்கவே இல்ல."

வீட்டில் சொன்னதும் வளர்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கீரைப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்கில் ஆயிற்று. "மூணு கூடை வைக்கோலு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மே 4, ஞாயிறு

மைமூனா போன் செய்தார். வளர்மதியிடம்தான் பேசினார். ஆனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இவரு நடக்கறாரு. குச்சி புடிச்சுட்டுத்தான். கோழியப் பாக்கோணும்னு நச்சரிக்கறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வரலாமா?"

"வாங்கக்கா. சாப்பாடு இங்கதான்" என்றாள் வளர்மதி.

நான் அன்று முழுக்கத் தோட்டத்தைக் கூட்டினேன். தோட்டத்தைக் கூட்டுவார்களா என்று வளர்மதி கேட்டாள்.

மே 11, ஞாயிறு

ஆட்டோவில் வந்தார்கள். வகாப் பாய் கையில் குச்சி. இறங்கி நின்றதும் தோட்டத்துப் பக்கம்தான் பார்த்தார். பதினொன்றும் பந்தல் நிழலில் நின்றன. நல்ல வெள்ளை, பெரிய கொண்டை. ஒன்று அவரைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக் கூவியது.

அவர் குச்சியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருபது வருசமா இந்தக் குஞ்சு விக்கறேண்ணே. ஆயிரக்கணக்குல வித்திருப்பேன். குழந்தைக வாங்கும், ரெண்டு நாள்ல செத்துரும், அழும். எனக்கும் தெரியும். வளந்து நான் ஒண்ணக் கூடப் பாத்ததில்ல. இவ்ளோ பெருசா வருமா இது!"

மெதுவாகக் குனிந்து ஒன்றைப் பிடிக்கப் பார்த்தார். அது நழுவியது. நான் பிடித்துக் கொடுத்தேன். மடியில் வைத்து இறக்கையை விரித்து உள்ளே பார்த்தார்.

"கலரெல்லாம் போயிருச்சு" என்றார்.

"உங்களுதுதான் பாய். பதினொண்ணு இருக்குது. எடுத்துக்கங்க."

"பதினொரு சேவல வச்சுட்டு நான் என்னண்ணே பண்றது? தெருவே திரண்டு அடிக்க வரும்." முதல் தடவையாகச் சிரித்தார். "இதொண்ணு போதும்."

மைமூனா தோட்டத்தைச் சுற்றிவந்தார். வளர்மதி கத்தரிக்காய் பறித்துப் பறித்து அவர் பையில் போட்டாள். "போதும் போதும்" என்றபடியே பையை விரித்துப் பிடித்திருந்தார். சாப்பிடும்போது என் இலைக்குக் குழம்பு ஊற்றியதும் அவர்தான். என்னிடம் நேராக ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஊற்றினார்.

பாய் இனி கலர் குஞ்சு விற்கப்போவதில்லை என்றார். வண்டி ஓட்டக் கால் தயாரானதும் காய்கறி எடுத்து விற்கலாம் என்று யோசனை. "உங்க தோட்டத்துல என்ன வருதோ அதும் குடுங்கண்ணே" என்றார்.

கிளம்பும்போது, "இருபதாம் தேதி ஈரோட்டுல எக்ஸ்ரே. மைமூனாவுக்கு அன்னிக்கு வேலை. தனியா போக இன்னும் பயமா இருக்குது. நீங்க கூட வர்றீங்களா?" என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். அவர் போனபின்தான் பஸ்ஸில் போக வேண்டுமே என்று தோன்றியது.

மே 20, செவ்வாய்

சத்தியமங்கலம் வரைக்கும் குப்புராஜ் பைக்கில் கொண்டுவந்து விட்டான். அங்கிருந்து ஈரோட்டு பஸ். அரசு பஸ்தான். ஏறும்போது படிக்கட்டில் தயங்கி நின்றது நான்தான், பாய் அல்ல. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இருவர் சீட்டில், ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர், குச்சி இருவருக்கும் நடுவில்.

போகும்போது கொஞ்சம் பேசினோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இன்னும் ஒரு மாதத்தில் குச்சி வேண்டாம் என்றார். பாய் டாக்டரின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் என் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரி கேண்டீனில் இருவரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

திரும்பும்போது பகல் வெயில். பவானி தாண்டும்முன் அவர் தூங்கிவிட்டார். தலை சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. டிரைவர் சின்னப் பையன், கொஞ்சம் வேகம். ஆனால் வளைவுகளில் அடக்கித்தான் ஓட்டினான். கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தபோது வாயில் விரல் வைத்துக் காட்டி, இரண்டு என்று விரலால் சொன்னேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். தோள் மரத்துப்போனது.

சத்தி பஸ் ஸ்டாண்டு வந்ததும் மெதுவாகத் தட்டினேன்.

"பாய், எறங்கோணும்."

கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார்.

"அதுக்குள்ளயா வந்துருச்சு?" என்றார்.